கடாரம் கொண்டான் பெருமை சரி. கடாரம் கண்டவர் எத்தனை பேர்?



நம் பள்ளிகளின் பேச்சுப்போட்டி மேடைகளில் ஆண்டுதோறும் தவறாமல் ஒலிக்கும் பெயர் ஒன்று உண்டு. இராசேந்திர சோழன்! 'கங்கை கொண்டான், கடாரம் கொண்டான்' என்று பத்து வயதுப் பிள்ளை கைநீட்டி முழங்கும்போது மண்டபமே அதிர்கிறது. மேடையை விட்டு இறங்கிய அப்பிள்ளையை அழைத்து, "அந்தக் கடாரம் எங்கே இருக்கிறது, ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கும். பிள்ளையை விடுங்கள். கைதட்டிய பெற்றோரைக் கேளுங்கள். கெடா மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்து, சுங்கைப் பட்டாணியில் வீடு வாங்கிக் குடியிருப்பவர்களிலும் பலர், அடுத்த ஊரில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கை ஒருமுறையேனும் கண்டதில்லை.

சினத்தோடுதான் இதனை எழுதுகிறேன். யார்மீது சினம் என்பது போகப் போக விளங்கும்.

2013ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு செய்தி வெளிவந்தது. பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துப் பகுதியில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடைய ஒரு வழிபாட்டுத் தலத்தின் எச்சம் மண்வாரி இயந்திரத்தால் தரைமட்டமாக்கப்பட்டது. வீடமைப்புத் திட்டத்திற்காக நிலத்தைத் துப்புரவு செய்தபோது நடந்ததாம். மலாய்மொழியில் பழங்கோவிலைச் 'சண்டி' என்பர். அழிந்தது 11ஆம் எண் சண்டி. பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தின் தலைவரும் பழங்கெடாவைப் பற்றி 2011இல் ஆங்கிலத்தில் விரிவான நூலை வெளியிட்டவருமான டத்தோ வீ. நடராஜன் உள்ளிட்ட சிலர் குரல் எழுப்பினர். நாளேடுகள் சில வாரம் பரபரத்தன. அது தனியார் நிலம், மரபுச் சின்னமாக அரசிதழில் வெளியிடப்படாத இடம் என்பதே அப்போது சொல்லப்பட்ட விளக்கம். பிறகு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

'11ஆம் எண்' என்கிறோமே, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தீர்களா? 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் தம் மனைவி டோரதியுடன் இப்பகுதியில் அகழாய்வு செய்தார். கண்ட இடங்களுக்கு வரிசையாக எண்ணிட்டு, 1940இல் அறிக்கையும் வெளியிட்டார். ஆக, அச்சண்டி யாரும் அறியாமல் காட்டுக்குள் மறைந்து கிடந்த ஒன்றன்று. கண்டுபிடித்து, அளந்து, எண்ணிட்டு, அச்சிட்டு, நூலகத்தில் அடுக்கி வைத்து எழுபது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் அதற்கு ஒரு வேலி இல்லை; சட்டத்தின் காப்பும் இல்லை.

சட்டம் இல்லாத நாடா இது? 1976ஆம் ஆண்டிலேயே தொல்பொருள் சட்டம் இருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் 2006இல் நடப்புக்கு வந்தது. ஆனால் மரபிடம் என்று முறையாக அறிவிக்கப்பட்டுப் பதிவேட்டில் ஏறினால்தான் அச்சட்டத்தின் முழுக் காப்பும் கிட்டும். நிலமோ மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. மாநிலத்தைக் கலந்துகொள்ளாமல் கூட்டரசு ஓர் இடத்தை அறிவிக்க இயலாது. அறிஞர்களின் ஏட்டில் அது கோவில். நில அலுவலகத்தின் ஏட்டில் வெறும் மனை. இவ்விரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. இடையில் புகுந்தது இயந்திரம்.

இது மலேசியாவின் தனிக்குறை என்று எவரும் நினைக்க வேண்டா. அதே 2013ஆம் ஆண்டு மே மாதம், நடு அமெரிக்காவில் உள்ள பெலீசு நாட்டில் நோமுல் என்னும் மாயர் காலத்துப் பெரும் கூம்புக் கட்டடத்தைச் சாலைக்குக் கல்கொட்டுவதற்காகவே இயந்திரம் வைத்துத் தோண்டியெடுத்தார்கள்! ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடம் ஜல்லியாயிற்று.

அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டா. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ ஐம்பது வரி எழுத்துகளுடன் ஒரு பெரும்பாறை நின்றது. 1843இல் ஆங்கிலேய அதிகாரிகள் இடவசதிக்காக அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய சில துண்டுகளுள் ஒன்று இன்று சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ள எழுத்தை இன்றுவரை யாராலும் ஐயமறப் படிக்க முடியவில்லை. படிப்பதற்கு வேண்டிய மீதி வரிகள்தாம் தூளாகிவிட்டனவே! ஐம்பது வரியும் இருந்திருந்தால் இத்தீவின் பழைய வரலாறு வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கக் கூடும். அத்துண்டுகளைக் காப்பாற்ற முயன்று, பொறுக்கியெடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பியவர் ஜேம்ஸ் லோ என்னும் படை அதிகாரி. அவரேதான் 1840களில் பூஜாங் பகுதியின் இடிபாடுகளைப் பற்றி முதன்முதலில் எழுதியவர். அவரேதான் 1834இல் இன்றைய செபராங் பிறைப் பகுதியில் புத்தகுப்தன் கல்லைக் கண்டெடுத்தவர்.

அக்கல்லைப் பற்றி நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். புத்தகுப்தன் ஒரு மாலுமி, கப்பல் தலைவன். இன்றைய வங்காளத்தில் உள்ளதாகக் கருதப்படும் இரத்தமிருத்திகை என்னும் செம்மண் ஊரைச் சேர்ந்தவன். கடற்பயணம் நலமாக முடிய வேண்டும் என்று தூபியின் உருவம் செதுக்கிய கல்லில் வடமொழியில் எழுதி வைத்தான். எழுத்தமைதியைக் கொண்டு 5ஆம் நூற்றாண்டு என்பர். பேரரசன் அல்லன்; போர்வீரன் அல்லன்; அலையைக் கண்டு அஞ்சிய ஒரு மனிதன். அவன் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் மண்ணில் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்றைக் காண நம் பிள்ளை வானூர்தி ஏற வேண்டும்!

சரி, அரசையும் மேம்பாட்டாளரையும் ஆங்கிலேயரையும் குறைசொல்லி ஆயிற்று. இனி நம்மைப் பார்ப்போம். என் சினத்தின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

நம்மவரிடையே இரண்டு வகையான பேச்சு உலவுகிறது. ஒன்று, "அதெல்லாம் பழங்கதை, பிள்ளைக்குக் கணக்கும் ஆங்கிலமும் வந்தால் போதும்" என்பது. மற்றொன்று, "பூஜாங் பள்ளத்தாக்கைக் கட்டியவனே இராசேந்திர சோழன்தான், அதனை மறைக்கிறார்கள்" என்பது. முதற்பேச்சு சோம்பல். இரண்டாவது அதனினும் கேடானது; ஏனெனில் அது பற்றுப்போல் வேடமிட்டு வருகிறது. புலனத்தில் வந்ததை அப்படியே நூறு பேருக்கு அனுப்பிவிட்டால் தமிழ்த்தொண்டு முடிந்ததாக எண்ணுகிறோம்.

மெய் என்ன? இராசேந்திரனின் கடற்படையெடுப்பு நடந்தது 1025இல். பூஜாங் பகுதியிலோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் வாழ்ந்தனர், வணிகம் செய்தனர், வழிபட்டனர். சுங்கை பத்தில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் செய்த அகழாய்வில் இரும்பை உருக்கிய உலைகளின் எச்சமும், கசடும், உலைக்குக் காற்றூதிய சுடுமண் குழல்களும், செங்கல்லால் ஆன படகுத்துறைகளும் வெளிப்பட்டன. அவற்றின் காலத்தைக் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்குக் கொண்டுசெல்லும் கணிப்புகள் உண்டு. அக்கணிப்பை ஏற்காத அறிஞர்களும் உண்டு. எப்படியாயினும் இராசேந்திரன் வந்தபோது இங்கே முதிர்ந்த ஒரு நாடு இருந்தது. வெற்றிடத்தை எவனும் படை திரட்டிக் கடல்கடந்து வந்து வெல்ல மாட்டான் அல்லவா?

அவன் மெய்க்கீர்த்தி என்ன பேசுகிறது என்பதை நம் பேச்சாளர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்கட்டும். கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அவன் யானைப்படையோடு பிடித்ததும், அவன் திரட்டி வைத்த செல்வத்தையும் நகரின் தோரணவாயிலையும் கவர்ந்ததும் அதில் பெருமையாகச் சொல்லப்பட்டுள்ளன. அக்காலத்து மன்னர் வழக்கம் அது. இன்றைய அளவுகோலால் அவனை அளக்க நான் முற்படவில்லை. ஆனால் கெடா மண்ணில் பிறந்து, கெடா நெல்லை உண்டு, கெடா மாநிலப் பள்ளியில் படிக்கும் ஒரு தமிழ்ப்பிள்ளை, தன் ஊரைக் கொள்ளையிட்டதை மட்டும் தன் பெருமையாக மனப்பாடம் செய்வது எவ்வளவு விந்தை! பக்கத்து மேசையில் இருக்கும் மலாய்த் தோழன் அதனைக் கேட்டால் என்ன நினைப்பான் என்று ஓர் ஆசிரியரேனும் எண்ணினோமா?

கொண்டவன் கதைக்கு முன்னும் பின்னும் கொடுத்தவர் கதைகள் இருக்கின்றன. கடாரத்து அரசனான மாறவிசயோத்துங்கவர்மனின் தந்தை பெயரில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. தந்தை தொடங்கியதை மகன் முடித்தான். முதலாம் இராசராசன் 1006ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேடுகள் இதற்குச் சான்று. கெடாவின் அரசன் தமிழகத்தில் புத்தருக்குக் கோவில் எடுக்கிறான். சைவனான சோழன் அதற்கு ஊரையே தருகிறான்! இதனை எந்தப் பேச்சுப்போட்டியிலாவது கேட்டிருக்கிறீர்களா?

தென்தாய்லாந்தின் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அவனிநாரணம் என்னும் பெயரால் ஒரு குளம் தோண்டி, அதனை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் விட்ட செய்தியை அது கூறுகிறது. சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவரைப் பேசுகிறது. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்னும் சொல்லுக்குக் கடாரம் என்றே பழைய உரைகாரர் பொருள் எழுதினார். அயல்மண்ணில் குளம் வெட்டிய வணிகன் நமக்கு முன்னோன் இல்லையா? அவனுக்கு ஏன் ஒரு கைதட்டல் இல்லை?

நாகப்பட்டினம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே 'புதுவெளிக் கோபுரம்' என்றும் 'சீனக் கோபுரம்' என்றும் அழைக்கப்பட்ட பழைய செங்கல் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டுவரை நின்றது. அதனை அந்தப் பௌத்தப் பள்ளிகளோடு தொடர்புபடுத்துவர். 1867இல் ஆங்கில அரசின் இசைவோடு அதனை இடித்தார்கள். எதற்கு? கல்லூரி கட்டுவதற்கு! கடலின் அந்தக் கரையில் கல்வியின் பெயரால் 1867; இந்தக் கரையில் குடியிருப்பின் பெயரால் 2013. இரண்டுமே நல்ல நோக்கங்கள்தாம். கல்லூரியும் வேண்டும், வீடும் வேண்டும். அவற்றை இருநூறு அடி தள்ளிக் கட்டியிருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொரு தரப்பும் உண்டு. இந்து, பௌத்தச் சின்னங்களைப் பேசினால் பிறருக்கு மனத்தாங்கல் வருமோ என்று வாய்மூடுவோர். நம் தலைமையாசிரியர்களிலும் சிலர் இவ்வாறு தயங்குகின்றனர். தேவையற்ற அச்சம். இசுலாமியர் மிகுந்த இந்தோனேசியா, போரோபுதூர் என்னும் மாபெரும் பௌத்தச் சின்னத்தை யுனெசுகோ துணையோடு 1973 முதல் 1983 வரை கல் கல்லாகப் பிரித்துச் சீர்செய்து மீண்டும் அடுக்கியது. 1991இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. கெடா அரச மரபைக் கூறும் ஹிக்காயாட் மெரோங் மகாவங்சாவே இசுலாத்துக்கு முற்பட்ட அரசர்களிலிருந்துதான் தொடங்குகிறது. மலாய்ப் புலவர்கள் மறைக்காத ஒன்றை நாம் ஏன் மறைக்க வேண்டும்? மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் 2008இல், லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல், நியா குகைகள் 2024இல் உலக மரபுப் பட்டியலில் ஏறின. பூஜாங் இன்னும் ஏறவில்லை. அது தமிழர் சொத்து என்று நாம் தனியுரிமை கொண்டாடக் கொண்டாட, மற்றவர்கள் அதனைத் தங்கள் சொத்தாக எண்ணிக் காக்க முன்வருவதும் குறையும். மெர்போக் ஆற்றங்கரையில் சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் மணிகளும் கலந்து கிடைத்திருக்கின்றன. அது எல்லாரும் வந்த துறைமுகம். எல்லாருடைய பிள்ளைகளும் வந்து பார்க்க வேண்டிய இடம்.

இனிப் பள்ளிக்கு வருவோம். ஆண்டிறுதிக் கல்விச் சுற்றுலா என்று சொல்லி நாம் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்கிறோம்? நீர்க்கேளிக்கைப் பூங்கா, விலங்குத் தோட்டம், பேரங்காடி. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பூஜாங் என்று முன்மொழிந்தால், "அங்கே என்ன சார் இருக்கு, வெறும் கல்லுதானே?" என்று கேட்கின்றனர். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் இக்கேள்வியைக் கேட்டவர் பெற்றோர் அல்லர், சக ஆசிரியர். நேரமில்லை என்பது மற்றொரு சாக்கு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. 2021இல் அத்தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. அதனால் மிச்சமான நாள்களை என்ன செய்தோம்? பயிற்சி நூல்களை மேலும் தடிமனாக்கினோம்.

'வெறும் கல்' என்றாரே, அக்கல்லைப் பிள்ளை எப்படிப் படிக்கலாம் என்று சொல்கிறேன். மெர்போக்கில் அருங்காட்சியகத்தை ஒட்டி, ஜெராய் மலைச் சரிவில் புக்கிட் பத்து பகாட் சண்டி இருக்கிறது. 'பத்து பகாட்' என்றால் உளியால் செதுக்கிய கல். அருகில் ஓடை சலசலக்கிறது. அலாஸ்டேர் லேம்ப் என்பவர் 1959, 1960இல் அகழ்ந்து சீர்செய்தது அது. கருவறையும் முன்மண்டபமும் அமைந்த தளத்தைப் பார்த்தவுடனேயே, "நம்ம ஊர்க் கோவில் மாதிரியே இருக்கே!" என்று பிள்ளை சொல்லும். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். மேற்கூரை எங்கே என்று கேளுங்கள். தரையில் வரிசையாக உள்ள தூண் பதிந்த கற்களைக் காட்டுங்கள். கல் தூண் ஏன் இல்லை? மரத்தூணாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்நாட்டு மழையில் ஓலைக்கூரை எத்தனை ஆண்டு தாங்கும்? பத்து வயதுப் பிள்ளை தானே விடை கண்டுபிடிக்கும். கட்டட வடிவம் கடல்கடந்து வந்தது; கூரையை இந்த மண்ணின் மரமும் ஓலையும் தந்தன என்பது அதன் மனத்தில் பதியும். எந்தப் பாடநூலும் தர முடியாத பாடம் இது. அகழ்ந்தபோது அக்கட்டடத்தின் அடியில் கற்பேழைகளும் செப்புக் கலங்களும் மணிகளும் கிடைத்தன. புதுவீட்டுக்கு அடிக்கல் நாட்டும்போது உன் பாட்டி குழியில் என்ன இட்டார் என்று கேட்டால் போதும். மீதியைப் பிள்ளை சொல்லும்.

அருங்காட்சியக வளாகத்தில் பெண்டியாட், பெண்டாங் டாலாம் ஆகிய சண்டிகளும் உள்ளன. அவை முதலில் அங்கே இருந்தவை அல்ல. வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கியவை. ஏன் பெயர்த்தார்கள், பெயர்த்ததால் எது காப்பாற்றப்பட்டது, எது தொலைந்தது என்று ஆறாம் ஆண்டு மாணவரிடையே வழக்காடு மன்றம் வைக்கலாம். பிறகு சுங்கை பத்து. இன்று சுற்றிலும் காய்ந்த நிலம். இங்கே படகுத்துறையா என்று பிள்ளை வாய்பிளக்கும். ஆறும் கரையும் இடம்மாறியதை அங்கே நின்றுகொண்டு சொன்னால் புவியியலும் வரலாறும் ஒரே வகுப்பில் முடிந்துவிடும்.

இவ்வாறு பார்த்த பிள்ளைகள் நூறு பேர் ஒரு மாநிலத்தில் ஆண்டுதோறும் வளர்ந்தால், நாளை அவர்களுள் ஒருவர் நில அலுவலகத்தில் அமர்ந்திருப்பார். ஒருவர் மேம்பாட்டு நிறுவனத்தில் அளவையாளராய் இருப்பார். ஒருவர் அம்மண்வாரியையே ஓட்டுவார். வாளியில் பழஞ்செங்கல் தட்டுப்பட்டதும் இயந்திரத்தை நிறுத்தத் தோன்றும் கை, அதனை முன்பே ஒருமுறை கண்ட கையாகத்தான் இருக்க முடியும். 11ஆம் எண் சண்டியை இடித்தவர் தாம் இடிப்பது இன்னது என்று அறியவில்லை என்றால், அவருக்கு அதனைக் காட்டித்தராத ஆசிரியர் யார் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. அவர் எந்தப் பள்ளியில் படித்தவரோ, நான் அறியேன். எந்தப் பள்ளியானால் என்ன?

ஆகவே தலைமையாசிரியர்களே, அடுத்த ஆண்டுக்கான சுற்றுலாப் பட்டியல் கூட்டத்திற்கு வரும்போது பூஜாங் பள்ளத்தாக்கை முதல் வரியில் எழுதுங்கள். வடமாநிலப் பள்ளிகளுக்கு ஒருநாள் பயணம். பேராக்கிலிருந்தும் விடியலில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். சிங்கப்பூர் ஆசிரியர்கள் தங்கள் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தக் கல்துண்டின் முன் வகுப்பை நிறுத்தி, இதன் மீதி எங்கே என்று கேட்டால் போதும். பெற்றோர்களே, பள்ளி போகாவிட்டால் நீங்களே போங்கள். பினாங்குக்கு உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில் அரைநாள் ஒதுக்கினால் முடிகிற செயல்.

போகும்போது குடை எடுத்துச் செல்லுங்கள். ஜெராய் அடிவாரத்தில் பிற்பகலில் பெரும்பாலும் மழை வரும். அளவுநாடாவும் வரைதாளும் பிள்ளைகளிடம் கொடுங்கள். சுங்கை பத்தில் தரையில் கறுப்பாய்க் கிடக்கும் இரும்புக் கசட்டை நினைவுப்பொருளாக எவரும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.